பல்கலைக்கழக விடுமுறை வகுப்பும் அளக்காமல் விட்ட ஆறும்

போன வாரம் இந்த வலைப்பதிவைப் படிக்கும் ஓர் இளம் ஆசிரியை எழுதியிருந்தார். ஆகஸ்ட் விடுமுறையில் மட்டக்களப்புப் பட்டணத்துக்கு வடக்கே, ஏறாவூர் தாண்டி இருக்கும் பல்கலைக்கழகத்தில் ஒரு வகுப்புக்குப் பெயர் கொடுத்திருக்கிறாராம். ஊர் படுவான்கரை. தினமும் போய்வரலாமா, விடுதி எடுக்க வேண்டுமா, எத்தனை பஸ் மாற வேண்டும், எவ்வளவு செலவாகும் என்று கேட்டிருந்தார். இரண்டு வரியில் பதில் எழுதியிருக்கலாம். எனக்கு எதையும் இரண்டு வரியில் சொல்லத் தெரியாது என்பது இங்கே வழக்கமாக வருகிறவர்களுக்குத் தெரியும். அதோடு, நானும் ஒரு காலத்தில் ஓர் ஆகஸ்டில் அதே வழியால் அதே இடத்துக்குப் படிக்கப் போனவள். அந்தப் பயணத்தைச் சொல்லாமல் வழி மட்டும் சொல்ல மனம் வரவில்லை. இப்போதைய விபரம் கடைசியில் இருக்கிறது. அவசரக்காரர்கள் நேரே அங்கே போய்விடலாம்.

நான் போனது தொண்ணூறுகளின் பிற்பகுதியில், சண்டை நடந்துகொண்டிருந்த காலத்தில். எங்கள் பக்கம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். மட்டக்களப்பு வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவில் நீளமாகக் கிடக்கும் நிலம் எழுவான்கரை. ஆற்றுக்கு மேற்கே வயலும் காடுமாக விரிவது படுவான்கரை. சூரியன் எழுகிற கரை, படுகிற கரை. அந்த நாட்களில் எழுவான்கரை இராணுவத்திடமும் படுவான்கரை போராளிகளின் இயக்கத்திடமும் இருந்தது. நான் படுவான்கரையில் பழுகாமத்துக்காரி. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சமூகக்கல்வி படிப்பித்துக்கொண்டிருந்தேன். வயது இருபத்தெட்டு, வாய் கொஞ்சம் நீளம்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் பதினோராம் ஆண்டுச் சாதாரண தரத்தோடு படிப்பு முடிந்துவிடும். உயர்தரக் கலைப்பிரிவு தொடங்க அனுமதி கேட்டு அதிபர் கல்விக் கந்தோருக்கு நடையாய் நடந்தார். தமிழுக்கு ஆள் இருந்தது, இந்து நாகரிகத்துக்கு ஆள் இருந்தது, புவியியலுக்கு இல்லை. பல்கலைக்கழகத்தின் விடுமுறைக்கால நெறியை முடித்த சான்றிதழோடு ஒரு புவியியல் ஆசிரியர் இருந்தால் ஜனவரியில் வகுப்பைத் தொடங்கலாம் என்று கடைசியில் சொன்னார்கள். சாதாரண தரம் சித்தியடைந்து வீட்டில் காத்திருந்தவர்கள் ஏழு பேர். அதில் ஐந்து பேர் பெண்பிள்ளைகள். சோதனை தாண்டி எழுவான்கரைக்கு அனுப்பிப் படிப்பிக்க எந்தத் தாய்க்கும் துணிவு வரவில்லை. வீட்டில் சும்மா இருக்கிற பிள்ளைகளைக் கூப்பிட அந்தக் காலத்தில் வேறு ஆட்கள் இருந்தார்கள். அதை நாங்கள் வாய்விட்டுப் பேசுவதில்லை. அதிபர் என்னைக் கூப்பிட்டு, "டீச்சர், இந்த முறை நீங்க போய்த்தான் ஆகணும்" என்றபோது, இரண்டு பேரும் நினைத்தது அதைத்தான்.

புறப்பட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு. அண்ணனின் சைக்கிளில் பட்டிருப்புப் பாலம் வரை ஏறக்குறைய ஐந்து கிலோமீற்றர். பாலத்துக்கு இந்தப் பக்கம் இயக்கத்திடம் பாஸ் காட்ட வேண்டும், அந்தப் பக்கம் இராணுவத்தின் சென்றி. சோதனைச் சாவடியை எல்லோரும் சென்றி என்றுதான் சொல்வோம். பையிலிருப்பதை மேசையில் கொட்டி, மடித்த சேலைகளை ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தார்கள். பெண்களைச் சோதிக்கத் தனியே ஒரு கிடுகுக் கொட்டில். வெளியே வரும்போது ஏழரை ஆகிவிட்டது. மடிப்புக் கலையாத சேலையோடு பல்கலைக்கழகம் போக வேண்டும் என்ற என் ஆசை அந்த மேசையிலேயே முடிந்தது.

களுவாஞ்சிக்குடியில் பஸ் ஏறினேன். மட்டக்களப்புக்கு முப்பது கிலோமீற்றர், கட்டணம் பன்னிரண்டு ரூபா. வழியில் நாலு இடத்தில் இறங்கி, வரிசையில் நடந்து, அந்தப் பக்கம் போய் மறுபடி ஏற வேண்டும். கண்டக்டர் இரக்கமில்லாத மனிதர் அல்ல, ஆனால் தொண்டை பெரிது. அடையாள அட்டையை ஐசி என்பார். "இறங்குங்க, இறங்குங்க, ஐசியைக் கையில வெச்சிருங்க! டீச்சர், அந்தக் குடையை விரிச்சுக் காட்டிட்டு நடங்க, மடிச்சு வெச்சா அவங்களுக்கு யோசனை வரும்." ஆகஸ்டில் மேற்கிலிருந்து வீசும் அனல் காற்றைக் கச்சான் என்போம். விரித்த குடையோடு கச்சானுக்குள் நடப்பது சுகமான வேலை இல்லை. பட்டணத்தில் பால் விடாத பிளேன்டியும் வடையும் ஏழு ரூபா. அடுத்த பஸ்ஸில் பதினாறு கிலோமீற்றர், எட்டு ரூபா, இன்னும் இரண்டு சோதனை. பல்கலைக்கழக வாசலில் இறங்கும்போது பகல் ஒன்றரை. ஐம்பது கிலோமீற்றர் சொச்சத்துக்கு எட்டு மணித்தியாலம். மாலையில் பாலம் பூட்டிவிடுவார்கள் என்பதால் தினமும் போய்வருகிற பேச்சே இல்லை. மூன்று வாரமும் விடுதிதான்.

விடுதி அறையில் எனக்கு முன்னரே வந்து கட்டிலில் சப்பாணி கட்டி உட்கார்ந்து கச்சான்கொட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலையை உடைத்துக்கொண்டிருந்தாள் ஒருத்தி. பெயர் நேசமலர். எழுவான்கரையில், தெற்கே, பெரியகல்லாறு. எங்கள் ஊரும் அவளுடைய ஊரும் ஒரே ஆற்றின் இரண்டு கரை, கொஞ்சம் சரிவாக. நான் பழுகாமம் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது.

"உங்கட ஊரை நான் பார்த்திரிக்கன்கா. ராவையில ஆத்துக்கு அங்கால இருட்டா ஒண்டு கிடக்குமே, அதானே?"

மின்சாரம் இல்லாத ஊரை இதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது. அன்றிலிருந்து அவள் எனக்குச் சிநேகிதி. காலையில் பாணும் சம்பலும், மத்தியானம் சோறும் சொதியும், இரவில் நேசமலரின் பேச்சும் என்று நாட்கள் போயின. வெடிச்சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழே போவதும், நின்றதும் மேலே வந்து விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்வதும் அவளுக்குப் பழக்கம். எனக்கும் ஆகிவிட்டது.

வகுப்பில் மாவட்டம் முழுவதிலுமிருந்து முப்பது பேர் அளவில் இருந்தோம். படிப்பித்த விரிவுரையாளர் யாழ்ப்பாணத்தவர், வெளிநாட்டில் படித்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். நல்ல மனிதர். முதல் வாரம் மண், மழை, காற்று என்று போனது. இரண்டாம் வாரம் பலகையில் பெரிதாக எழுதினார்: அவரவர் ஊரின் நிலப்பயன்பாட்டுப் படம். வார இறுதியில் ஊருக்குப் போய், திசைகாட்டி வைத்து அளந்து, கீறிக்கொண்டு வர வேண்டும். மொத்தப் புள்ளியில் பாதி அதற்கு. ஆற்றின் இரு கரையிலும் ஆள் இருந்தால் சோடியாகச் செய்து இரண்டு தாளையும் பொருத்த வேண்டும். ஆகவே நானும் நேசமலரும் ஒரு சோடி.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவருக்கு ஏன் என்று விளங்கவில்லை. ஓட்டமாவடியிலிருந்து வந்த முபாரக் மாஸ்டர்தான் எழுந்தார். எங்களில் மூத்தவர், யாரோடும் முகம் கொடுத்துப் பேசக்கூடியவர்.

"சேர், திசைகாட்டியும் ஊர்ப்படமும் கையில வெச்சிட்டு நாங்க சென்றி தாண்டினா, படம் இஞ்ச வரும். நாங்க வரமாட்டம்."

சிலர் சிரித்தார்கள். விரிவுரையாளர் சிரிக்கவில்லை. இயக்கத்திடம் போனால் இவன் எதற்குப் பாலத்தை அளக்கிறான் என்பார்கள், இராணுவத்திடம் வந்தால் அவன் எதற்கு முகாமைக் கீறுகிறான் என்பார்கள் என்று ஒவ்வொருவராக விளக்கினோம். கதிரையில் உட்கார்ந்து நெற்றியைத் தடவினார். பாடத்திட்டத்தை மாற்ற அவருக்கு அதிகாரம் இல்லை. வெளியிலிருந்து பரிசோதகர் வருவார், சொந்த ஊரின் படம் இல்லாவிட்டால் சித்தி இல்லை.

"அப்ப கையை வீசிக்கொண்டு போங்கோ," என்றார் கடைசியில். "காலால அளவுங்கோ. ஒண்டும் எழுத வேண்டாம். தலைக்குள்ள வைச்சுக் கொண்டுவந்து இஞ்சை வந்து கீறுங்கோ."

வெள்ளிக்கிழமை ஊருக்குத் திரும்பினேன். சனிக்கிழமை விடியவே வயலுக்கு இறங்கினேன். சிறுபோக வேளாண்மை வெட்டு, அதாவது நெல் அறுவடை, நடந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு பெரிய வயல்பரப்பை வட்டை என்பார்கள், ஒவ்வொரு வட்டைக்கும் பெயர் உண்டு. தண்ணீர் எந்த ஒழுங்கில் பாய்கிறதோ அந்த ஒழுங்கிலேயே நானும் நடந்தேன். காலடியைக் கவடு என்போம்; புளியடி வட்டை நானூற்றிருபது கவடு, பிறகு வாய்க்கால், நாவலடி முந்நூற்றுப்பத்து, இடக்கைப் பக்கம் சூடடிக்கும் களம், வலக்கைப் பக்கம் மேட்டுக்காணி. முணுமுணுத்துக்கொண்டு நடந்தவளைப் பார்த்து வெட்டுக்காரர்கள் கத்தியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். "என்ன டீச்சர், வட்டையை விலைக்கு எடுக்கப் போறீங்களா?" என்று ஒருவர் கேட்டார். சீதனத்துக்கு ஒரு வட்டையும் மிஞ்சாத வீடு என்னுடையது என்று அவருக்கும் தெரியும்.

ஆற்றங்கரையை நெருங்கும்போது மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. இயக்கத்தில் எங்கள் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர்.

"என்ன எண்ணுறீங்க?"

"படிப்புக்கு."

"எந்தப் படிப்பில காலை எண்ணுறது?"

சொன்னேன். பொறுமையாகக் கேட்டார், இதுவரை எண்ணியதைச் சொல்லச் சொன்னார். புளியடியிலிருந்து தொடங்கி ஒப்புவித்தேன். என் மாணவர்கள்கூட என்னிடம் அவ்வளவு பிழையில்லாமல் ஒப்புவித்ததில்லை. முடிந்ததும், "வயலை எண்ணுங்க. ஆத்தங்கரையில நிண்டு அங்கால பார்த்து எண்ண வேணாம்" என்றார். தலையாட்டிவிட்டுத் திரும்பினேன். பெரியகல்லாற்றில் நேசமலருக்கும் ஆற்றோரம் நிற்க இராணுவம் விடவில்லை என்று பிறகு தெரிந்தது. இரண்டு பேரும் அவரவர் நிலத்தை அளந்தோம். நடுவில் இருந்த தண்ணீரை யாரும் அளக்கவில்லை.

திங்கள் காலை பாலத்தில் வரிசையில் நின்றபோது மறந்துவிடுவேன் என்ற பயத்தில் ஊரை முதலிலிருந்து சொல்லிக்கொண்டே நின்றேன். சத்தம் வரவில்லை என்றுதான் நினைத்தேன். கொட்டிலுக்குள் சோதித்த பெண் சிப்பாய் என் உதட்டைப் பார்த்துவிட்டாள்.

"என்ன பேசுறது?" என்றாள், தட்டுத் தடுமாறிய தமிழில்.

"சாமி கும்பிடுறன்."

"என்ன சாமி?"

"கண்ணகி அம்மன்."

சோதித்துக்கொண்டிருந்த கை நின்றது. "பத்தினி தெய்யோ?" என்றாள். அவர்களும் கும்பிடுகிற தெய்வம் அல்லவா. தலையாட்டினேன். வெளியே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எனக்கும் கும்பிடு. தம்பி ஆமியில. வடக்கில இருக்கிறது."

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். வெளியே வந்ததும் நாவலடிக்கு அப்பால் ஒன்றும் நினைவில் இல்லை. பொய்யாகச் சொன்ன கும்பிடு என்மேல் கடனாக ஏறிவிட்டதுபோல இருந்தது. களுவாஞ்சிக்குடிச் சந்தியில் நின்று, முகம் தெரியாத அந்தத் தம்பிக்காக உண்மையிலேயே ஒரு தரம் அம்மனைக் கும்பிட்டேன். பிறகு புளியடி வட்டையிலிருந்து மறுபடி தொடங்கினேன். மட்டக்களப்பு வருவதற்குள் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டது.

மண்டபத்தில் எல்லோரும் குனிந்து கீறிய அந்த நாளை என்னால் மறக்க முடியாது. முப்பது பேர் வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டு தலைக்குள்ளிருந்து ஊரை இறக்கினோம். விரிவுரையாளர் சுற்றி வந்து பார்த்தார், முகம் கோணியது. வடக்கு மேலே இருக்க வேண்டும் என்பது படத்தின் முதல் விதி. யாரும் அதை நினைக்கவில்லை. நான் ஆற்றை மேலே வைத்திருந்தேன், வீட்டு வாசலில் நின்றால் எனக்கு எதிரே இருப்பது அதுதானே. நேசமலரும் ஆற்றைத்தான் மேலே வைத்திருந்தாள், அவளுக்கு அது மேற்கு. முபாரக் மாஸ்டரின் படத்தில் பொலன்னறுவைக்குப் போகிற பஸ் பாதை கொடிக்கம்பம்போல நேரே மேலே ஏறியது. அது பெரிய பிழை இல்லை, தாளைத் திருப்பிப் பெயர்களை மறுபடி எழுதினால் தீர்ந்தது. ஒரு பின்னேரம் முழுவதும் அதைச் செய்தோம்.

உண்மையான பிழை தாள்களைப் பொருத்தியபோதுதான் தெரிந்தது. என் தாளின் தென்மூலையும் நேசமலரின் தாளின் வடமூலையும் ஒரே தண்ணீர். நான் என் கரையிலிருந்து அவளுடைய கரையை உத்தேசமாகக் கீறியிருந்தேன், அவள் அங்கிருந்து என் கரையை. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழவேண்டும். விழவில்லை. அவள் என்னை வெகுதூரத்தில் வைத்திருந்தாள், நானும் அவளை அப்படியே. விரிவுரையாளர் திணைக்களத்தின் அலுமாரியைத் திறந்து, பழைய அச்சுப் படம் ஒன்றை எடுத்து வந்து பக்கத்தில் விரித்தார். எங்கள் ஆறு இருக்கவேண்டியதைப்போல் மூன்று மடங்கு அகலம்.

"உங்கடை வயல் அளவெல்லாம் சரி," என்றார். "தண்ணிதான் பிழைச்சுப்போச்சு. ஏன் ரெண்டு பேரும் ஒரே மாதிரிப் பிழைச்சியள்?"

எங்களுக்கே அப்போதுதான் விளங்கியது. அந்தக் கரைக்குப் போக விடியப் புறப்பட்டு, இறங்கி ஏறி, பையைக் கொட்டி, வரிசையில் நின்று, அரைநாள் ஆகும். அந்த அரைநாள் முழுவதையும் நாங்கள் தண்ணீரில் கீறியிருந்தோம்.

மறுநாள் பரிசோதகர் வருகிறார். விரிவுரையாளர் அச்சுப் படத்தை மடிக்காமல் மேசையிலேயே விட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனார். வேண்டுமென்றே போனார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

"பார்த்துக் கீறிருவமேகா, ஆரு கேட்கிறது?" என்றாள் நேசமலர்.

எனக்கும் ஆசை வந்தது. ஏழு பிள்ளைகளின் முகம் வந்தது, அதிபரின் தேய்ந்த செருப்பு வந்தது. பென்சிலைக்கூட எடுத்துவிட்டேன். ஆனால் காலால் அளந்த வயலுக்குப் பக்கத்தில் யாரோ எப்போதோ அளந்த ஆற்றை ஒட்டிவைத்து, இதையும் நான்தான் அளந்தேன் என்று சொல்ல வாய் வராது என்று தோன்றியது. அகலத்தை அப்படியே விட்டு, கரைக்கோட்டைப் புள்ளிக்கோடாக்கி, நடுவில் 'அளக்கப்படவில்லை' என்று எழுதினேன். நேசமலர் என்னை வாயாரத் திட்டிவிட்டுத் தன் தாளிலும் அப்படியே எழுதினாள்.

பரிசோதகர் வயதானவர், அதிகம் பேசாதவர். ஆற்றில் விரலை வைத்து, ஏன் இவ்வளவு அகலம் என்று கேட்டார். "சேர், தூரத்தைக் கீறல்ல, போற நேரத்தைக் கீறிற்றம்" என்றேன். வாய் நீளம் என்று முதலிலேயே சொன்னேனே. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே குறிப்பை எழுதினார். மற்றதெல்லாம் சித்தி. டிசம்பர் முடிவதற்குள் நீரின் அகலத்தை அளந்து அனுப்ப வேண்டும், அதன் பிறகுதான் சான்றிதழ்.

அதாவது, எந்த ஆற்றங்கரையில் நிற்கக் கூடாது என்று இரண்டு பக்கமும் சொன்னதோ, அங்கே நின்று அளக்காவிட்டால் ஜனவரியில் வகுப்பு இல்லை.

அதிபர் இயக்கத்தில் சொல்லவேண்டிய இடத்துக்கு இரண்டு தரம் போய்ச் சொன்னார். ஒரு பின்னேரம், ஒரு மணித்தியாலம், கையில் பள்ளிக்கூடச் சாமான் தவிர ஒன்றும் இருக்கக் கூடாது என்று அனுமதி கிடைத்தது. நான் வகுப்புத் தொடங்கக் காத்திருந்த ஏழு பேரையும் கூட்டிக்கொண்டு போனேன். கொம்பாசுப் பெட்டி, வரைபுத்தாள், ஒரு நூற்பந்து. கரையோரமாக ஐந்நூறு மீற்றரை நூலால் அளந்து, இரண்டு முனையிலும் நின்று, எதிர்க்கரையில் தெரியும் ஒரு சிறு கோயிலின் வெள்ளைச் சுவரைப் பாகைமானியால் குறிபார்க்க வேண்டும். கிடைத்த இரண்டு கோணத்தையும் தாளில் சிறிதாகக் கீறி அடிமட்டத்தால் அளந்தால் அகலம் வந்துவிடும். அதே கிழமையில் எதிர்க்கரையில் நேசமலர் தன் பிள்ளைகளைக் குளிக்கக் கூட்டிவந்த சாட்டில், எங்கள் கரை மருத மரத்தைக் குறிபார்த்தாள்.

குறிபார்த்தவள் வசந்தி. ஏழு பேரில் மிக மெதுவாகப் பேசுகிறவள், கை மட்டும் நடுங்காது. மற்றவர்கள் பார்த்த கோணம் ஆளுக்கொரு மாதிரி வந்தது. அவள் மூன்று முறை பார்த்தாள், மூன்று முறையும் ஒரே பாகை. மருத மரத்தடியில் குந்தியிருந்து தாளில் கீறி, அளந்து, பெருக்கிச் சொன்னாள்: தொளாயிரத்துப் பத்து மீற்றர். சொல்லிவிட்டு அவளே நம்பாமல் ஆற்றைப் பார்த்தாள்.

"இவ்வளவுதானா டீச்சர்? அப்ப நாம ஏன் போறல்ல?"

மற்ற ஆறு பேரும் என்னைப் பார்த்தார்கள். பதினாறு வயதுப் பிள்ளைக்கு அதன் பதில் தெரியாமலில்லை. அவள் கேட்டது தூரத்தை.

நேசமலருக்குக் கிடைத்தது எண்ணூற்றுத் தொண்ணூறு. களுவாஞ்சிக்குடிச் சந்தையில் சந்தித்து, கத்தரிக்காய்க் கூடைகளுக்கு நடுவில் நின்று வாயால் பரிமாறிக்கொண்டோம். இரண்டையும் அனுப்பினோம். சான்றிதழ் வந்தது, ஜனவரியில் வகுப்பு தொடங்கியது. முதல் தவணை முடிவில் பெற்றோரின் காலைக் கையைப் பிடித்து ஏழு பேரையும் பாலம் தாண்டிக் கூட்டிப்போனேன். விடியப் புறப்பட்டவர்கள் அந்த வெள்ளைச் சுவர்க் கோயிலடிக்குப் பத்தேகாலுக்குத்தான் போய்ச் சேர்ந்தோம். நேசமலர் எல்லோருக்கும் சோறும் மீன்கறியும் ஆக்கி வைத்திருந்தாள். சாப்பிட்டதும் வசந்தி கரைக்குப் போய், எதிரே தெரிந்த மருத மரத்தைப் பார்த்துக் கை காட்டினாள். ஆர் நிக்கிறாங்க என்று கேட்டேன். "ஒருத்தருமில்ல டீச்சர்" என்றாள். அன்று அவள் சிரித்த மாதிரி வகுப்பில் சிரித்து நான் பார்த்ததில்லை.

உயர்தரப் பரீட்சை எழுதியவர்கள் ஆறு பேர். இரண்டாம் வருடத்தில் ஒரு நாள் வசந்தி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. எங்கே போனாள் என்று கேட்க வேண்டிய அவசியம் யாருக்கும் இருக்கவில்லை. தானாகப் போனாளா, கொண்டுபோனார்களா என்று ஊரில் இரண்டு விதமாகச் சொன்னார்கள். அடுத்த வருடம் அவள் இல்லை என்று செய்தி வந்தது, உடல் வரவில்லை. எந்தக் காரணத்துக்காக நான் படிக்கப் போனேனோ அது ஆறு பேருக்குச் சரிவந்தது, ஒருத்திக்குச் சரிவரவில்லை. அந்த ஆறு பேரில் மூன்று பேர் இன்று ஆசிரியர்கள். அவர்களைக் காணும்போது மகிழ்ச்சி வரும், வந்த உடனே அது குறையும். இத்தனை வருடத்தில் அது மாறவில்லை.

இனி, எழுதிக் கேட்டவருக்கு. தினமும் போய்வரலாம் பிள்ளை, விடுதி தேவையில்லை. படுவான்கரையிலிருந்து ஆறு மணிக்குப் புறப்பட்டால் களுவாஞ்சிக்குடியில் மட்டக்களப்பு பஸ் பிடிக்கலாம், ஒரு மணித்தியாலத்துக்குள் பட்டணம், அங்கிருந்து ஏறாவூர் வழியாகப் போகும் எந்த பஸ்ஸும் வாசலில் இறக்கும். எட்டரைக்கு வகுப்பில் இருப்பீர்கள். கட்டணம் அடிக்கடி மாறுவதால் தொகை எழுதவில்லை, கையில் சில்லறை வைத்திருங்கள். ஆகஸ்டில் கச்சான் அடிக்கும், தண்ணீர்ப் போத்தலும் குடையும் அவசியம். குடையை விரித்தாலும் மடித்தாலும் இப்போது யாரும் கேட்கப் போவதில்லை. விடுதியில் தங்குவதாக இருந்தால் பேசத் தெரிந்த ஆளாகப் பார்த்து அறை பிடியுங்கள்.

புவியியல் நெறி என்றால் இன்றைக்கும் ஊர்ப்படம் கேட்பார்கள். இப்போது கைப்பேசியிலேயே எல்லாம் இருக்கிறது, இருந்தாலும் ஒரு முறை ஆற்றங்கரையில் நின்று நீங்களே குறிபார்த்து அளந்து பாருங்கள், நேரம் எடுங்கள், யாரும் துரத்தமாட்டார்கள். பழுகாமத்துக்குத் தெற்கே, வயல் முடிந்து மருத மரம் நிற்கும் இடத்தில் ஆற்றின் அகலம் தொளாயிரத்துப் பத்து மீற்றர். பிறகு கைப்பேசியிலும் பார்த்தேன், சில மீற்றர்தான் வித்தியாசம். எங்காவது அதை எழுதும்போது அளந்தவர் பெயரையும் எழுத வேண்டும் என்று விரிவுரையாளர் சொல்லித் தந்திருக்கிறார். அளந்தவர் வசந்தி.